கட்டட வடிவமைப்பு மென்பொருள் சந்தை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக் கலை படிக்கிற மாணவர்களும் சிறிய அலுவலகம் நடத்துகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். எது பெரியது, எதைக் கற்பது, எதை வாங்குவது, வாங்கியதிலிருந்து வெளியே வர முடியுமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

1. பில்டிங் டிராயிங்னா ஆட்டோகேட்தானே? மத்த மென்பொருளெல்லாம் எதுக்கு?

வரைபடம் மட்டும் போதும் என்றால் ஆட்டோகேட் போதும். கோடு, வளைவு, எழுத்து, அளவு என்று காகிதத்தில் வரைந்ததை அது திரையில் வரைய வைக்கிறது. சுவர் என்பது அதற்கு இரண்டு இணைகோடுகள், அவ்வளவுதான். பிளானில் (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) ஒரு ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் (வெளித்தோற்றம்) செக்‌ஷனிலும் (வெட்டுத்தோற்றம்) நீங்களே போய் நகர்த்த வேண்டும்.

ரெவிட், ஆர்ச்சிகேட், ஆல்பிளான், வெக்டர்வொர்க்ஸ் ஆகியவை வேறு இனம். அவற்றில் நீங்கள் உருவாக்குவது ஒரே ஒரு கட்டட மாடல். பிளான், செக்‌ஷன், ஜன்னல் பட்டியல் எல்லாம் அந்த மாடலிலிருந்து எடுக்கும் பார்வைகள். இந்த முறையைத்தான் பிம் என்கிறார்கள். ஸ்கெட்ச்அப்பும் ரைனோவும் வடிவத்தைத் தேடிப் பார்க்க உதவுபவை. வி-ரே, என்ஸ்கேப், லூமியன், ட்வின்மோஷன் ஆகியவை ரெண்டரிங்குக்கு, அதாவது மாடலை நிஜப் புகைப்படம் போலக் காட்டுவதற்கு. ஆக இவை நான்கு சந்தைகள், ஒவ்வொன்றிலும் போட்டியாளர்கள் வேறு. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

2. இதுல யார் நம்பர் ஒன்? சுருக்கமா சொல்லுங்க.

நிறுவனமாகப் பார்த்தால் அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க். ஆட்டோகேட், ரெவிட் இரண்டுமே அதனுடையவை. அடுத்த பெரிய குழுமம் ஜெர்மனியின் நெமெட்ஷெக். கியோர்க் நெமெட்ஷெக் 1963-இல் மியூனிக்கில் பொறியியல் அலுவலகமாகத் தொடங்கியது. இன்று ஆல்பிளான், ஆர்ச்சிகேட், வெக்டர்வொர்க்ஸ் மூன்றும் அதன் கீழ்தான் இருக்கின்றன. ஆர்ச்சிகேட்டும் வெக்டர்வொர்க்ஸும் ஒன்றோடொன்று போட்டியிடுவதாக நினைப்பவர்களுக்கு, இரண்டின் லாபமும் ஒரே பெட்டிக்குப் போகிறது என்பது பல சமயம் தெரிவதில்லை.

இவர்களைத் தவிர மைக்ரோஸ்டேஷன் வைத்திருக்கும் பென்ட்லி (பாலம், சாலை, ரயில் போன்ற பெரிய கட்டமைப்புகளில் வலுவானது), ஸ்கெட்ச்அப் வைத்திருக்கும் டிரிம்பிள், ரைனோவை உருவாக்கும் ராபர்ட் மெக்நீல் நிறுவனம், பிரிக்ஸ்கேட்டை 2018-இல் வாங்கிய ஹெக்சகன் ஆகியோர் கவனிக்க வேண்டியவர்கள்.

3. சரியான சதவீதம் என்ன? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு எண் போட்டிருக்காங்களே?

எல்லா எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை, அதனால்தான். ஒருவர் வருவாயைக் கணக்கிடுகிறார், இன்னொருவர் விற்ற உரிமங்களை எண்ணுகிறார், மற்றொருவர் வேலை விளம்பரங்களில் எந்தப் பெயர் வருகிறது என்று தேடுகிறார். சிலர் அலுவலகங்களைக் கேட்டு எழுதுகிறார்கள். அலுவலகங்களை எண்ணும்போது இரண்டு பேர் உள்ள இடத்துக்கும் இரண்டாயிரம் பேர் உள்ள இடத்துக்கும் ஒரே எடை விழுகிறது. ஆட்களை எண்ணினால் பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் மேலே ஏறிவிடும். இரண்டு கணக்கும் சரிதான், விடைகள்தான் வேறு.

வருவாயை வைத்து அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஆட்டோடெஸ்க்கின் வருவாய், 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில், ஏறத்தாழ 550 கோடி டாலர். அதில் கட்டடம், பொறியியல், கட்டுமானம் சார்ந்த பிரிவின் பங்கு பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதி இயந்திர வடிவமைப்பு, திரைப்படம், ஆட்டோகேட் போன்றவற்றிலிருந்து வருகிறது. நெமெட்ஷெக்கின் 2023 வருவாய் ஏறத்தாழ 85 கோடி யூரோ. அதற்குள் சினிமா 4டி தயாரிக்கும் மாக்ஸனின் வருவாயும், கட்டுமானத் தளங்களில் பிடிஎஃப் திருத்தப் பயன்படும் புளூபீமின் வருவாயும் அடக்கம். இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து யாராவது "கட்டட வடிவமைப்பில் பங்கு இவ்வளவு" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். இன்னொன்று, ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களைத் தொகுப்பாக விற்கிறது. ரெவிட்டுக்காகத் தொகுப்பை வாங்கியவரின் கணினியில் ஆட்டோகேட்டும் 3டிஎஸ் மேக்ஸும் நேவிஸ்வொர்க்ஸும் கூடவே வந்துவிடும். அவரை எத்தனை மென்பொருளின் பயனராக எண்ணுவது?

நான் நம்புவது ஒரே ஒரு பங்கைத்தான். உங்களோடு வேலை செய்யும் கட்டமைப்புப் பொறியாளர், மின்-குழாய் ஆலோசகர், ஒப்பந்ததாரர், உங்களுக்கு வேலை தரும் நிறுவனம் ஆகிய பத்துப் பதினைந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் எந்த வகைக் கோப்பைக் கேட்கிறார்கள்? உங்கள் தொழிலைத் தீர்மானிப்பது அந்த எண். உலகச் சராசரி செய்திக் கட்டுரைக்குத்தான் உதவும்.

4. ஆட்டோகேட் எப்படி இவ்ளோ பெருசாச்சு? அவ்ளோ நல்ல மென்பொருளா?

நல்ல மென்பொருள்தான். ஆனால் அது வென்றதற்குக் காரணம் அது ஓடிய கணினி. 1982-இல் ஜான் வாக்கரும் சில நிரலாளர்களும் சேர்ந்து ஆட்டோடெஸ்க்கைத் தொடங்கியபோது, கணினியில் வரைவது என்றால் பெரும் செலவில் வாங்கிய தனி இயந்திரங்கள் வேண்டும். இவர்கள் மேசைக் கணினியில் ஓடும் ஒன்றை ஏறத்தாழ ஆயிரம் டாலருக்குக் கொடுத்தார்கள். வசதிகள் குறைவு, ஆனால் சிறிய அலுவலகமும் வாங்க முடிந்தது.

அடுத்ததாக, அதைத் திறந்து வைத்தார்கள். 1986-இல் ஆட்டோகேட்டுக்குள் நிரல் எழுத உதவும் ஆட்டோலிஸ்ப் மொழி வந்ததும் வெளியில் இருந்தவர்கள் தங்கள் தேவைக்குச் சிறு நிரல்கள் எழுதினார்கள். அந்த நிரல்கள் ஆட்டோகேட்டில் மட்டுமே ஓடின. பயிற்சி மையங்கள், விற்பனையாளர்கள், பிளாக் (கதவு, நாற்காலி போன்று திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தயார் வரைபடத் துண்டு) நூலகங்கள் என்று அதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. நாளடைவில் ஆட்டோகேட்டின் கோப்பு வகையான டிடபிள்யூஜி அலுவலகங்களின் பொதுமொழியாகிவிட்டது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆட்டோகேட்டை வாங்கியவர்கள் மென்பொருளைப் பார்த்து வாங்கவில்லை, கோப்புக்காக வாங்கினார்கள். இந்தத் துறையில் போட்டி எப்போதும் கோப்பைச் சுற்றித்தான் நடக்கிறது. கீழே வரும் பல பதில்கள் இதையே வேறு வேறு இடத்தில் காட்டும்.

5. டிடபிள்யூஜி ஃபைலை வேற மென்பொருள்ல திறந்தா சட்டப் பிரச்சினை வருமா? ஆட்டோகேட்ல எச்சரிக்கை காட்டுது.

வராது. அந்த எச்சரிக்கை, இந்தக் கோப்பைக் கடைசியாகச் சேமித்தது ஆட்டோடெஸ்க் மென்பொருள் அல்ல என்று மட்டும் சொல்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்றோ சட்டவிரோதம் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1997-இல் ஆட்டோடெஸ்க், சாஃப்ட்டெஸ்க் என்ற நிறுவனத்தை வாங்க முனைந்தது. சாஃப்ட்டெஸ்க்கோ அப்போது ஆட்டோகேட்டுக்கு மாற்றாக ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. போட்டி அங்கேயே நசுங்கிவிடும் என்று கண்ட அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், அந்த மாற்று மென்பொருளை வேறு ஒருவரிடம் ஒப்படைத்த பிறகே வாங்கலாம் என்று நிபந்தனை விதித்தது. அது விசியோ நிறுவனத்தின் கைக்குப் போய் இன்டெல்லிகேட் என்ற பெயரில் வெளிவந்தது, பின்னர் ஒரு கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் ஆகியவற்றின் தொடக்கம் அந்த மூலநிரலில்தான். ஒரே ஒரு ஆணை, இன்று நாம் காணும் மலிவான மாற்றுகள் பலவற்றுக்கு வழி விட்டிருக்கிறது.

1998-இல் டிடபிள்யூஜி கோப்பைத் தாங்களாகவே ஆராய்ந்து படிக்கும் நூலகத்தை உருவாக்க இன்னொரு கூட்டமைப்பு பிறந்தது. அதன் இன்றைய பெயர் ஓபன் டிசைன் அலையன்ஸ். ஆட்டோடெஸ்க் தன் கோப்புகளில் பதிக்கும் அடையாளக் குறியை அந்த நூலகமும் பதித்தது என்று 2006-இல் ஆட்டோடெஸ்க் வழக்குத் தொடுத்தது. 2007-இல் சமரசம் ஆனது. அந்தக் குறியைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவானது, கோப்பைப் படிப்பதும் எழுதுவதும் தொடர்ந்தது.

6. அப்போ ஆட்டோகேட்டுக்குப் பதிலா பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் மாதிரி வாங்கினா போதுமா?

இருபரிமாண வரைபடம்தான் உங்கள் வேலை என்றால் பெரும்பாலும் போதும். கட்டளைகள் அதே மாதிரிதான், லிஸ்ப் நிரல்களும் பெரும்பாலும் ஓடும். இந்தப் போட்டியின் விளைவை ஆட்டோடெஸ்க் பக்கமும் காணலாம் என்பது என் கருத்து. 1993 முதல் விற்கும் மலிவுப் பதிப்பான ஆட்டோகேட் எல்டியில் ஆட்டோலிஸ்ப் இல்லாமலே முப்பது ஆண்டு ஓட்டியவர்கள், 2024 பதிப்பில் அதைச் சேர்த்துவிட்டார்கள். மாற்று மென்பொருள்கள் அதைவிடக் குறைந்த விலையில் லிஸ்ப் கொடுத்துக்கொண்டிருந்தன.

வாங்கும் முன் உங்கள் பழைய வேலைகளில் மிகச் சிக்கலான ஒன்றைத் திறந்து பாருங்கள். அளவும் வடிவமும் மாற்றிக்கொள்ளக்கூடிய டைனமிக் பிளாக்குகளும், ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் போன்றவற்றில் செய்த சிறப்புப் பொருள்களும்தான் தடுமாறும் இடங்கள்.

7. ரெவிட்டை ஆட்டோடெஸ்க்தான் கண்டுபிடிச்சாங்களா?

இல்லை. இயந்திர வடிவமைப்பு மென்பொருள் தயாரிக்கும் பிடிசி நிறுவனத்திலிருந்து வெளியேறிய லியோனிட் ரைஸும் இர்வின் யுங்ரைஸும் 1997-இல் தொடங்கிய சிறு நிறுவனத்தில் உருவானது அது. முதல் பதிப்பு 2000 ஏப்ரலில் வந்தது. 2002-இல் ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இயந்திரப் பாகங்களின் வடிவமைப்பில் பழகிப்போன ஒரு வழக்கத்தை, அதாவது ஓரிடத்தில் மாற்றினால் தொடர்புடைய எல்லா இடமும் தானாக மாறுவதை, அவர்கள் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

8. ஆர்ச்சிகேட் ரெவிட்டுக்கு முன்னாடியே வந்ததுதானே? பிறகு ஏன் ரெவிட் முந்திடுச்சு?

ஆம், பல ஆண்டுகள் முன்பே. கபோர் போயார் புடாபெஸ்ட்டில் 1982-இல் கிராஃபிசாஃப்ட்டைத் தொடங்கினார். 1984-இல் ஆர்ச்சிகேட்டின் முதல் வடிவம் ஆப்பிள் லீசா கணினிக்காக வந்தது. பிம் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அது கட்டடத்தை மாடலாகக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர்கள் கையில் அது இன்றும் இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதை நான் ஏற்கிறேன். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். ரெவிட் இன்றுவரை விண்டோஸில் மட்டும்தான்.

ஆனாலும் ரெவிட் முந்தியதற்கு மூன்று காரணங்கள் இருப்பதாகக் கருதுகிறேன். ஆட்டோகேட்டை விற்றுக்கொண்டிருந்த உலகளாவிய விற்பனைச் சங்கிலி அப்படியே ரெவிட்டையும் விற்றது. 3-ஆம் பதிலில் சொன்ன தொகுப்பு விற்பனை அதற்குத் துணை போனது. அடுத்தது, ரெவிட் கட்டடக் கலைஞரோடு நிற்கவில்லை. 2005-இல் கட்டமைப்புப் பொறியாளருக்கும், 2006-இல் மின்சாரம், குழாய், குளிர்சாதனப் பொறியாளருக்கும் தனிப் பதிப்புகள் வந்தன, பின்னர் எல்லாம் ஒரே மென்பொருளாயின. மூன்று துறையினரும் ஒரே வகைக் கோப்பில் வேலை செய்யலாம் என்பது பெரிய திட்டங்களில் மறுக்க முடியாத வசதி. ஆர்ச்சிகேட் கட்டடக் கலைஞரை வென்றது, ரெவிட் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் சேர்த்து வென்றது.

மூன்றாவது, அரசுகள் பிம் கேட்கத் தொடங்கியது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2013 முதல் பெரிய கட்டடங்களுக்கு பிம் முறையில் சமர்ப்பிக்கச் சொன்னது. இவை எந்தப் பிராண்டையும் கேட்கவில்லை. ஆனால் அவசரமாக மாற வேண்டியிருந்த அலுவலகங்கள், ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த விற்பனையாளரிடமே போயின.

9. எல்லா நாட்டிலயும் ரெவிட்தான் முன்னணியா?

இல்லை. ஜெர்மன் பேசும் நாடுகளில் ஆல்பிளானும் ஆர்ச்சிகேட்டும் ஆழமாக வேரூன்றியவை. ஹங்கேரி ஆர்ச்சிகேட்டின் தாயகம், ஜப்பானிலும் அதற்கு நல்ல இடம் உண்டு. அதே ஜப்பானில் ஜேடபிள்யூ-கேட் என்ற இலவச இருபரிமாண மென்பொருள் சிறிய அலுவலகங்களில் பரவலாகப் புழங்குகிறது. பிரிட்டனில் என்பிஎஸ் அமைப்பு ஆண்டுதோறும் நடத்திவந்த பிம் ஆய்வுகளில் ரெவிட்தான் முன்னால் நின்றது. ரஷ்யாவில் 2022 மார்ச்சில் ஆட்டோடெஸ்க் விற்பனையை நிறுத்தியதும் நானோகேட், ரெங்கா போன்ற உள்நாட்டு மென்பொருள்களுக்கு இடம் விரிந்தது.

10. ஸ்கெட்ச்அப், ரைனோ ரெண்டும் ரெவிட்டுக்குப் போட்டியா?

நேரடிப் போட்டி இல்லை. 1-ஆம் பதிலில் சொன்ன மாதிரி அவை வடிவம் தேடும் கட்டத்துக்கு உரியவை. 2000-இல் வெளிவந்த ஸ்கெட்ச்அப்பை 2006-இல் கூகுள் வாங்கி இலவசப் பதிப்பு கொடுத்ததால் அது உலகம் முழுக்கப் பரவியது. 2012-இல் டிரிம்பிள் வாங்கியது. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் வலிமை.

ரைனோவின் கதை வேறு. 1998-இல் முதல் பதிப்பு வந்தது. 2007-இல் டேவிட் ருட்டன் உருவாக்கத் தொடங்கிய கிராஸ்ஹாப்பர், நிரல் எழுதத் தெரியாதவர்களும் விதிகளை வைத்து வடிவம் உருவாக்கும் வழியைத் திறந்தது. வளைந்த முகப்புகள் செய்யும் அலுவலகங்களில் அதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். மெக்நீல் நிறுவனம் ரெவிட்டை எதிர்க்காமல், ரைனோவை ரெவிட்டுக்குள்ளேயே ஓடவிடும் இணைப்பை இலவசமாகக் கொடுத்தது. கூட்டத்தின் நடுவே தன் இடத்தைத் தக்கவைக்க இது மிக நேர்த்தியான வழி.

11. ஒருமுறை காசு கட்டி வாங்குற முறை இனிமே இல்லவே இல்லையா? வருஷா வருஷம் சந்தா கட்டி முடியல.

குறைந்துவிட்டது, ஒழிந்துவிடவில்லை. ஆட்டோடெஸ்க் 2016-இல் நிரந்தர உரிமங்களின் புதிய விற்பனையை நிறுத்தியது. ஸ்கெட்ச்அப் 2020-இல் நிறுத்தியது. நெமெட்ஷெக் குழும நிறுவனங்களும் சந்தாவை நோக்கி நகர்ந்துவிட்டன. ரைனோவும் பிரிக்ஸ்கேட்டும் இன்னும் நிரந்தர உரிமம் தருகின்றன.

சந்தா முறையால் போட்டியின் தன்மையே மாறியது. முன்பு ஆட்டோடெஸ்க்கின் மிகப் பெரிய போட்டியாளர் அதன் பழைய பதிப்புதான். புதியதில் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் அலுவலகங்கள் ஐந்தாறு ஆண்டு பழையதையே ஓட்டின. ஆகவே ஒவ்வொரு பதிப்பிலும் வாங்கத் தூண்டும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தாக வேண்டியிருந்தது. சந்தாவில் அந்த நெருக்கடி இல்லை. கட்டுவதை நிறுத்தினால் சொந்தக் கோப்புகளைத் திருத்த முடியாது என்பதே வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துவிடுகிறது. சிறிய அலுவலகங்களின் கோபம் இந்த விஷயத்தில் நியாயமானது.

12. பெரிய ஆர்க்கிடெக்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்கு லெட்டர் எழுதினாங்களாமே? ஏதாவது மாறிச்சா?

2020 ஜூலையில் பிரிட்டனை மையமாகக் கொண்ட 25 கட்டடக் கலை நிறுவனங்கள் ஆட்டோடெஸ்க்கின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்குத் திறந்த மடல் எழுதின. ஜஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா போன்ற பெயர்கள் அதில் இருந்தன. செலவு ஏறிக்கொண்டே போகிறது, ரெவிட்டின் வளர்ச்சியோ தேங்கிக் கிடக்கிறது என்பதுதான் சாரம். கட்டடக் கலைஞருக்கான வசதிகள் வேண்டிய வேகத்தில் வளரவில்லை என்று அவர் பதிலில் ஒப்புக்கொண்டார். ரெவிட்டின் வளர்ச்சித் திட்டம் பொதுவெளியில் வைக்கப்பட்டது. 2022-இல் வட ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் சங்கங்கள் இன்னொரு மடல் எழுதின.

விலையில் பெரிய தளர்வு வரவில்லை. கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் ரெவிட்டை விடவும் இல்லை. உலகின் செல்வாக்கான அலுவலகங்களாலேயே வெளியேற முடியவில்லை என்றால், அங்கே கட்டிப்போடுவது மென்பொருளின் தரம் அல்ல. பல ஆண்டு மாடல்களும், தயார் செய்து வைத்த ஃபேமிலி (ரெவிட்டில் கதவு, ஜன்னல் போன்ற தயார்ப் பாகங்கள்) நூலகமும், பயிற்சி பெற்ற ஆட்களும், ஆலோசகர்களின் கோப்புகளும்தான்.

13. ஐஎஃப்சி இருக்கே. அப்போ எதுல வேணா வேலை செய்யலாமே, ஏன் எல்லாரும் ரெவிட் ஃபைலே கேக்கிறாங்க?

மிக முக்கியமான கேள்வி இதுதான். ஐஎஃப்சி என்பது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, கட்டட மாடல்களைப் பரிமாறும் கோப்பு வகை. இதற்கான முயற்சி 1994-இல் ஆட்டோடெஸ்க் கூட்டிய ஒரு குழுவில்தான் தொடங்கியது. இன்று பில்டிங்ஸ்மார்ட் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. 2013-இல் அது ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமானது. நார்வே, பின்லாந்து அரசுகளின் கட்டட அமைப்புகள் வெகு முன்பே அதைக் கேட்கத் தொடங்கிவிட்டன.

ஆனால் ஐஎஃப்சியை வேர்ட் கோப்போடு ஒப்பிடக் கூடாது, பிடிஎஃப்போடு ஒப்பிட வேண்டும். பார்க்கலாம், அளக்கலாம், உங்கள் மாடலோடு அடுக்கி, குழாய் உத்தரத்தில் இடிப்பது போன்ற மோதல்களைக் கண்டுபிடிக்கலாம். அங்கேயே திருத்தி அனுப்புவதற்காக அது பெரும்பாலும் செய்யப்படவில்லை. ரெவிட்டில் ஒரு சுவரின் உயரம் மேல் தளத்தோடு கட்டப்பட்டிருக்கும். தளம் ஏறினால் சுவரும் ஏறும். ஐஎஃப்சியாக வெளியே வரும்போது சுவரின் வடிவமும் விவரங்களும் வரும், அந்தக் கட்டு வராது. ஒவ்வொரு மென்பொருளும் தன் மூளையை எழுதி வைப்பது அந்தக் கட்டுகளில்தான்.

ஆகவே ஒருங்கிணைப்புக்கு மட்டும் மாடல் வேண்டும் என்பவர் ஐஎஃப்சி கேட்டால் போதும். பழக்கத்தால் ரெவிட் கோப்பு கேட்பவர்கள் நிறைய, அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். உங்கள் மாடலை எடுத்து மேலே வேலை செய்யப் போகிறவருக்கு மட்டும்தான் அசல் கோப்பு உண்மையில் தேவை. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ரெவிட் கோப்பைப் பழைய பதிப்புக்குச் சேமிக்க முடியாது. ஒரு திட்டத்தில் ஒருவர் புதிய பதிப்புக்கு ஏறினால் அதே கோப்பில் வேலை செய்யும் எல்லாரும் ஏற வேண்டும். நிரந்தர உரிமத்தை ஆசையாக வைத்திருந்தவர்களும் சந்தாவுக்கு வந்து சேர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

14. போட்டிக் கம்பெனிகளே ஒண்ணா ஒப்பந்தம் போட்டுக்கிறாங்களே, அது எதுக்கு?

2020-இல் ஆட்டோடெஸ்க், தான் முன்பு வழக்குத் தொடுத்த அதே ஓபன் டிசைன் அலையன்ஸில் உறுப்பினராகச் சேர்ந்தது (5-ஆம் பதில்). ஐஎஃப்சியைக் கையாளும் அதன் நூலகம் தேவைப்பட்டது. 2024-இல் ஆட்டோடெஸ்க்கும் நெமெட்ஷெக்கும் தரவுப் பரிமாற்றத்துக்கு உடன்பாடு செய்துகொண்டன. ஒரே திட்டத்தில் பல மென்பொருள்கள் இருப்பதே நடைமுறை, அதை மறுத்தால் பெரிய வாடிக்கையாளர்கள் கோபிக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் எனக்குத் தெரிகிறது. கோப்பு என்ற கோட்டையின் மதிப்பு மெல்லக் குறைகிறது. திட்டத்தின் தரவு மொத்தமும் கிளவுடில், யாருடைய சேவையகத்தில் இருக்கும் என்பதே அடுத்த போட்டி. அங்கே தரவு நிறைய வந்து சேர வேண்டும் என்றால் வாசலைத் திறந்து வைத்தாக வேண்டும். இந்த ஒப்பந்தங்களை வரவேற்கிறேன். ஆனால் உள்ளே வருவது எளிது, வெளியே எடுத்துப்போவது எப்படி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

15. இலவச, திறமூல மென்பொருள்ல தொழில்முறையா வேலை செய்ய முடியுமா?

பகுதி வேலைகளுக்கு முடியும். பிளெண்டரில் சேரும் பான்சாய் (முன்பு பிளெண்டர்பிம்) ஐஎஃப்சியையே மூலக் கோப்பாக வைத்து வேலை செய்கிறது. 13-ஆம் பதிலில் சொன்ன தடையை வேறு பக்கத்திலிருந்து தாண்டும் முயற்சி அது, துணிச்சலானது. ஃப்ரீகேடிலும் கட்டடப் பிரிவு உண்டு. மாடலைச் சோதிக்க, விவரங்களைத் திருத்த, ஆய்வு செய்ய இவை நன்றாக உதவும். நூறு தாள் கொண்ட கட்டுமான வரைபடத் தொகுதியை நெருக்கடியான தேதிக்குள் வெளியிடுவது இன்னும் கடினம்.

16. புதுசா வர்ற ஏஐ கம்பெனிகள் ரெவிட்டைக் காலி பண்ணிடுமா?

உடனே நடக்காது. உலாவியில் ஓடும் ஸ்னாப்ட்ரூட், ஆர்கால், ரெவிட்டோடு சேர்ந்து ஓடும் காட்சி நிரலாக்கக் கருவியான டைனமோவை உருவாக்கிய இயன் கியோ தொடங்கிய ஹைபார், ஆட்டோடெஸ்க்கில் இணைத் தலைமை நிர்வாகியாக இருந்த அமர் ஹன்ஸ்பாலின் மோட்டிஃப் என்று நல்ல முயற்சிகள் பல இருக்கின்றன. பெரும்பாலானவை திட்டத்தின் தொடக்கக் கட்டத்தைப் பிடிக்கின்றன. அங்கே பரப்பளவு, வெளிச்சம், மாற்று வடிவங்கள் ஆகியவற்றை வேகமாகப் பார்க்க வேண்டும், பழைய கோப்புகளின் சுமை இல்லை.

கட்டுமான வரைபடம்தான் கடினமான பகுதி. கதவுப் பட்டியல், விவர வரைபடம், திருத்த எண், தாள் அமைப்பு என்று இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த சின்னச் சின்ன வசதிகளைப் புதியவர் ஒருவர் எழுதி முடிக்கக் காலம் பிடிக்கும். அதனால்தான் பலரும் "முடித்ததை ரெவிட்டுக்கு அனுப்பலாம்" என்று கடைசியில் ஒரு பொத்தானை வைக்கிறார்கள். அதோடு, வளர்ந்து வருபவரைப் பெரியவர் வாங்கிவிடுவது இங்கே பழைய வழக்கம். நார்வேயின் ஸ்பேஸ்மேக்கரை 2020-இல் 24 கோடி டாலருக்கு ஆட்டோடெஸ்க் வாங்கியது, அது பின்னர் ஃபார்மா என்று பெயர் மாறியது.

17. நான் ஸ்டூடண்ட். எதைக் கத்துக்கணும்?

ஒரு பிம் மென்பொருளை ஆழமாக, ஒரு வடிவக் கருவியை ஓரளவு. வேலை தேடும் ஊரில் 3-ஆம் பதிலில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், எந்த பிம் என்பதற்கு விடை கிடைக்கும். ரெவிட், ஆர்ச்சிகேட் இரண்டுமே மாணவர்களுக்கு இலவசம். அந்த இலவசத்தில் நிறுவனங்களுக்கும் லாபம் உண்டு, இன்று கல்லூரியில் பழகியதைத்தான் நாளை அலுவலகத்தில் கேட்பீர்கள். அதில் தவறில்லை, தெரிந்து பயன்படுத்துங்கள். ஒன்றில் மாடல் கட்டும் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும்.

18. எங்க ஆபீஸ்ல பத்து வருஷமா ஒரே மென்பொருள். மாறலாமா?

விலை கடுப்பேற்றுகிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால் பொறுங்கள். உரிமச் செலவு கண்ணுக்குத் தெரியும். மாறும்போது டெம்ப்ளேட், நூலகம், விவர வரைபடங்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்டும் உழைப்பு தெரியாது, பல இடங்களில் அதுதான் பெரிது. ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களைப் பழையதிலேயே முடியுங்கள். சிறிய, ஆலோசகர்கள் குறைவான, தேதி நெருக்காத ஒரு புதிய வேலையைப் புதிய மென்பொருளில் முழுவதும் செய்து பாருங்கள், பாதியில் வெட்டாதீர்கள்.

19. இன்னைக்கு நான் செஞ்ச ஃபைல் இருபது வருஷம் கழிச்சுத் திறக்குமா?

மென்பொருள் நிறுவனத்தை நம்பி இருந்தால் உத்தரவாதம் இல்லை. கட்டடம் ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும். அதற்குள் நிறுவனங்கள் கைமாறும், பதிப்புகள் வழக்கொழியும், உங்கள் சந்தா நின்றிருக்கும். அதனால் ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் அசல் கோப்போடு சேர்த்து ஐஎஃப்சி ஒன்று, எல்லாத் தாள்களும் அடங்கிய பிடிஎஃப் ஒன்று, இருபரிமாண டிடபிள்யூஜி ஒன்று என்று எடுத்து வையுங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் செய்தது என்று ஒரு எளிய உரைக் கோப்பில் எழுதி அதே அடைவில் போடுங்கள். எடுத்த ஐஎஃப்சியை வேறொரு மென்பொருளில் அன்றே திறந்து பாருங்கள். ஏற்றுமதி அமைப்பு தவறாக இருந்தால் அதைத் திருத்த வழி இருப்பது அன்றைக்குத்தான்.